பாரிஸைப் பார்த்து உடுத்தாத ஊர்

மார்சேயின் பழைய துறைமுகத்தைச் சுற்றியுள்ள நினைவுப்பொருள் கடைகளில் தவறாமல் தொங்கும் சரக்கு ஒன்று உண்டு. மஞ்சளிலோ நீலத்திலோ பொடிப்பொடியாகப் பூ அச்சிட்ட பருத்தித் துணி. மேசை விரிப்பு, கைப்பை, பாவாடை, சமையல் ஏப்ரன் என்று எல்லா வடிவத்திலும் கிடைக்கும். 'புரோவான்ஸ் துணி' என்று விற்கிறார்கள். தென் பிரான்ஸின் ஆதி அடையாளம் இதுதான் என்று நம்பி, வருகிறவர்களும் வாங்கிப் போகிறார்கள். ஆனால் அந்தப் பூவுக்குப் பூர்விகம் சோழமண்டலக் கரை.

பிரெஞ்சு ஃபேஷன் என்றால் நம் மனதில் வருவது பாரிஸ்தான். பெரிய வடிவமைப்பாளர் ஒருவர் மேடையில் ஒன்றைக் காட்டுவார், அது பத்திரிகைக்குப் போகும், பிறகு கடைக்கு வரும், கடைசியில் ஊர் உடுத்தும். சுமார் 8.7 லட்சம் பேர் வாழும், நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான மார்சேயில் இந்த வரிசை அவ்வளவாகச் செல்லுபடியாவதில்லை. இங்கே உடை கப்பலில் வந்து இறங்கியது. யாரோ ஒரு கூட்டம் துறைமுகத்தில் இறங்கும், தான் உடுத்துவதை விற்கும், ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துப் பழகுவார்கள். ஒன்றிரண்டு தலைமுறை போனால் பிரான்ஸ் முழுவதும் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும். அதனால் மார்சேயின் துணிக்கடைத் தெருக்களைப் புரிந்துகொள்ள ஃபேஷன் பத்திரிகையைவிடத் துறைமுகத்தின் வரலாறுதான் அதிகம் உதவும்.

தடைசெய்யப்பட்ட பூ

17ஆம் நூற்றாண்டில் இந்தியப் பருத்தி முதலில் அலெப்போ, ஸ்மிர்னா போன்ற கிழக்கு மத்தியதரைக் கடல் சந்தைகளின் வழியாகத்தான் மார்சேய்க்கு வந்து சேர்ந்தது. அன்றைய ஐரோப்பியர்களிடம் கம்பளி இருந்தது, கனமானது. பட்டு இருந்தது, சாமானியருக்கு எட்டாத விலை. இந்தப் பூத்துணியோ இலேசானது, விலை குறைவு, எத்தனை முறை துவைத்தாலும் நிறம் போகாது. கடைசிக் காரணம்தான் முக்கியம். துணியில் அச்சிட ஐரோப்பாவிலும் தெரியும், ஆனால் தண்ணீர் பட்டதும் சாயம் கரைந்துவிடும்.

மார்சேய் வெறும் வாங்கி விற்கும் ஊராக இருக்கவில்லை. 1648லேயே சீட்டுக்கட்டு அச்சிடும் ஒருவரும் செதுக்குக் கலைஞர் ஒருவரும் சேர்ந்து, இந்தியப் பாணியில் துணி அச்சிட இங்கே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். சீட்டுக்கட்டுக்காரரிடம் மரக்கட்டை அச்சுகள் இருந்தன, அதே முறையைத் துணியில் செய்து பார்த்தார்கள், அவ்வளவுதான். 1669ல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர், மார்சேயைச் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஆர்மீனியக் கைவினைஞர்கள் வந்து, கிழக்கத்திய சாய முறைகளை ஊர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

துணி நன்றாக விற்றது. அதுவே வினையாகிவிட்டது. பட்டும் கம்பளியும் நெய்யும் ஊர்கள் கூச்சல் போட்டன. நாட்டுப் பணம் வெளியே போகிறது என்ற வாதமும் சேர்ந்துகொண்டது. 1686 அக்டோபரில் அரசாணை வந்தது: இந்தியப் பூத்துணியை இறக்குமதி செய்வதும் கூடாது, உள்நாட்டில் அச்சிடுவதும் கூடாது. தடை 1759 வரை, 73 ஆண்டுகள் நீடித்தது. கள்ளத்தனமாகக் கொண்டுவந்து அகப்பட்டவர்களுக்கு அபராதம் முதல் துடுப்புக் கப்பலில் சங்கிலியோடு துடுப்பு வலிக்கும் தண்டனை வரை உண்டு. அரசனின் அந்தத் துடுப்புக் கப்பல்கள் 1748 வரை நின்றதும் இதே மார்சேய் துறைமுகத்தில்தான்.

தடை போட்டால் ஆசை போய்விடுமா? அரண்மனைப் பெண்களே வீட்டுக்குள் அதை உடுத்தினார்கள். சுங்கமில்லாத் துறைமுகம் என்ற சலுகையை வைத்து மார்சேய் இடுக்குகளில் நுழைந்து வியாபாரம் செய்தது. 1685க்குப் பிறகு மத ஒடுக்குமுறைக்குத் தப்பி ஓடிய புராட்டஸ்டண்டுகளில் பலர் இந்தத் தொழிலை சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். உள்நாட்டில் அடைத்த தொழில் எல்லைக்கு அப்பால் வளர்ந்து, கள்ளச்சரக்காகத் திரும்பி வந்தது.

இந்த இடைவெளியில் நடந்த ஒன்றைத் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1734ஐ ஒட்டி போலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் உட்கார்ந்து, துணியில் பூ எழுதும் வேலையை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்துக் குறிப்பெடுத்தார். ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு ஒட்டியும் வைத்தார். அந்தக் கையெழுத்துப் படி இன்றும் பாரிஸில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1742ல் கேர்து என்ற ஏசுசபைப் பாதிரியார், தான் மதம் மாற்றிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்த செய்முறையைக் கடிதமாக எழுதி அனுப்பினார். கடுக்காயும் பாலும் சேர்த்துத் துணியைப் பதப்படுத்துவது, நிறத்தைப் பிடித்துவைக்கும் படிகாரத்தை வேண்டிய இடத்தில் மட்டும் தடவுவது, பிறகு சாய வேரில் கொதிக்கவைத்துச் சிவப்பு ஏற்றுவது, நீலம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால் மூடுவது: எல்லாம் எழுத்தில் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியில் இப்படிச் செய்தால் தொழில் ரகசியத் திருட்டு என்று வழக்குப் போடுவார்கள். சோழமண்டலத்துச் சாயக்காரர் ஒருவரின் பெயரும் அந்தப் பூத்துணிகளின் மேல் இல்லை.

தடை நீங்கிய மறு ஆண்டே, 1760ல், ஓபர்காம்ப் என்பவர் வெர்சாய் பக்கத்தில் ஜூயி என்ற ஊரில் அச்சகம் தொடங்கினார். தெற்கே புரோவான்ஸிலும் அச்சுப் பட்டறைகள் பெருகின. சிவப்புக்குச் சாய வேர் கிடைக்காது; அதற்குப் பதிலாக மஞ்சிட்டி இனத்துச் செடி ஒன்று இருந்தது. அதை 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அவிஞ்ஞோன் வட்டாரத்தில் பெரிய அளவில் பயிரிட வைத்தவர் ழான் அல்தென். இவரும் ஆர்மீனியர். அவர் பெயரில் அங்கே ஒரு ஊரே இருக்கிறது. 1829லிருந்து முதல் உலகப் போர் வரை பிரெஞ்சுக் காலாட்படை போட்ட புகழ்பெற்ற சிவப்புக் கால்சட்டையின் நிறம் முதலில் இந்தச் செடியிலிருந்துதான் வந்தது. 1869ஐ ஒட்டி ஜெர்மானியர்கள் அதே சாயத்தைச் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்ததும், சில ஆண்டுகளில் வயல்கள் காலியாகிவிட்டன.

இப்போது கடைகளில் கிடைக்கும் பூத்துணிக்கு வருவோம். மார்சேய்க்கு வடக்கே தாரஸ்கோனில் 1939ல் ஷார்ல் தெமெரி பழைய அச்சுப் பட்டறை ஒன்றை எடுத்து, ஆயிரக்கணக்கான மரக்கட்டை அச்சுகளைக் காப்பாற்றி, 'சுலேயாதோ' என்ற பிராண்டாக மாற்றினார். பக்கத்து ஊரில் 'லே ஒலிவாத்' என்ற இன்னொரு பட்டறை இருக்கிறது. காமார்க் சதுப்பு நிலத்துக் குதிரைக்காரர்கள் போடும் பூப்போட்ட சட்டை இந்த வழி வந்ததே. துறைமுகத்தோரம் மலிவாகத் தொங்கும் மேசை விரிப்புகள் எல்லாமே இங்கே அச்சானவை என்று நம்பிவிட வேண்டாம், லேபிளைப் பார்த்து வாங்குங்கள். பழைய சரக்கைப் பார்க்க ஆசையிருந்தால் கடையைவிட ஷாத்தோ பொரெலி மாளிகை நல்ல இடம். 2013 முதல் அங்கே அலங்காரக் கலை, பீங்கான், ஃபேஷன் அருங்காட்சியகம் இருக்கிறது.

தெருவுக்கு ஒரு கூட்டம்

ஆர்மீனியர்கள் மூன்றாவது முறையும் வந்தார்கள், இந்த முறை அகதிகளாக. 1915 இனப்படுகொலைக்குப் பிறகு, 1920களில் ஆயிரம் ஆயிரமாக மார்சேயில் இறங்கினார்கள். 1922 முதல் 1927 வரை ஒத்தோ முகாமில் அடைந்து கிடந்தார்கள். வெளியே வந்ததும் பலர் கையில் எடுத்தது தையல் ஊசியும் செருப்பு தைக்கும் தோலும். இன்றைய மார்சேய் பிராண்டுகளின் முதலாளிகள் பட்டியலில் ஆர்மீனியக் குடும்பப் பெயர்கள் அடிக்கடி தட்டுப்படுவதற்கு இதுதான் காரணம். 2010ல் கூர்திகியன் என்ற குடும்பப் பெயர் கொண்ட உறவுக்காரர்கள் இருவர் 'ஜோட்' பிராண்டைத் தொடங்கினார்கள். மடித்துச் சின்னப் பைக்குள் அடக்கிவிடக்கூடிய இறகு ஜாக்கெட்தான் அவர்கள் சரக்கு. வெயிலுக்குப் பெயர்போன ஊரிலிருந்து குளிர்ச்சட்டை பிராண்டு! ஆனால் மிஸ்த்ரால் என்ற குளிர்ந்த வடகாற்று அடிக்கும் ஜனவரியில் அந்த ஊரில் நின்றவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது.

அடுத்து பெல்சன்ஸ். சேன்-ஷார்ல் ரயில் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பேட்டையின் விதியை அதன் இடமே தீர்மானித்தது. கப்பலில் இறங்கி ரயிலுக்குப் போகிறவரும், ரயிலில் இறங்கிக் கப்பலுக்குப் போகிறவரும் இதன் வழியாகத்தான் நடக்க வேண்டும். ஆர்மீனியர், வட ஆப்பிரிக்க யூதர், பிறகு அல்ஜீரியா, துனிசியா வணிகர் என்று ஒருவர் பின் ஒருவராக இங்கே மொத்தத் துணி வியாபாரம் செய்தார்கள். 1970களிலும் 80களின் முதல் பாதியிலும் அல்ஜீரியாவிலிருந்து ஆட்கள் கப்பலேறி வந்து, பெட்டி பெட்டியாகத் துணி வாங்கி, அன்றைக்கோ மறுநாளோ திரும்பிப் போவார்கள். அங்கே சோஷலிசப் பொருளாதாரம், கடைகளில் எதற்கும் தட்டுப்பாடு. இங்கே ஜீன்ஸ், ஸ்வெட்டர், கல்யாண உடை எல்லாம் கிடைத்தது. சில சின்னத் தெருக்களில் நடந்த அந்த வியாபாரம் பெரிய கடைவீதிகளையே பொறாமைப்பட வைத்தது.

1986ல் பாரிஸ் குண்டுவெடிப்புகளைத் தொடர்ந்து பிரான்ஸ், அல்ஜீரியர்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பெல்சன்ஸின் கல்லாப்பெட்டியில் விழுந்த முதல் அடி அது. 1990களில் அல்ஜீரிய உள்நாட்டுப் போர் வந்ததும் வாடிக்கையாளர்கள் இன்னும் குறைந்தார்கள். அப்புறம் சீன மொத்த வியாபாரிகள் வந்தார்கள். இப்போது அவர்களில் பலர் நகரின் வட பகுதியில் 'எம்.ஐ.எஃப். 68' என்ற மொத்த விற்பனை மையத்தில் கடை போட்டிருக்கிறார்கள். பெல்சன்ஸ் செத்துவிடவில்லை. மொரோக்கோ பாணிக் கஃப்தான், பளபளக்கும் கல்யாண உடை, தலைத்துணி, மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் துணி என்று இன்றும் ஓடுகிறது. பக்கத்து நோவாய் சந்தைப் பக்கம் நடந்தால் மேற்கு ஆப்பிரிக்கப் பூவச்சுத் துணியும் கண்ணில் படும். மார்சேய்க்கே உரிய உடைக்கடை எது என்று யாராவது கேட்டால், ஆடம்பரத் தெருக்களைக் காட்டாமல் இந்தப் பேட்டையைத்தான் காட்டுவேன்.

ஆடம்பரத் தெருக்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விலையுயர்ந்த பிராண்டுகள் ரூ பாராதி, ரூ கிரிஞ்ஞான் பக்கம் ('ரூ' என்றால் தெரு). நடைபாதைத் தெருவான ரூ சேன்-ஃபெரியோலில் ஐரோப்பாவின் எந்த ஊரிலும் பார்க்கும் அதே சங்கிலிக் கடைகள். 2014ல் திறந்த 'லே தெராஸ் டு போர்' மாலில் கடல் தெரியும், அதுதான் வித்தியாசம். கூர் ஜூலியான் மேட்டில் சின்னக் கடைகள், பழைய உடை விற்கும் கடைகள், சுவர் ஓவியங்கள். கல்லூரிப் பிள்ளைகளின் கூட்டம் அங்கே. அதை ஒட்டிய லா ப்ளேன் சதுக்கத்தில் செவ்வாய், வியாழன், சனி காலைகளில் சந்தை. ஐந்து யூரோ, பத்து யூரோ என்று கூவி விற்பார்கள். போட்டுப் பார்க்க அறை கிடையாது. சட்டைக்கு மேலேயே போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 2018ல் அந்தச் சதுக்கத்தைப் புதுப்பிக்கிறோம் என்று நகராட்சி சந்தையைத் தற்காலிகமாக எடுத்தபோது ஊரே கொதித்தது. வேலை நடந்த இடத்தைச் சுற்றி கான்கிரீட் சுவர் எழுப்ப வேண்டிய நிலைமை வந்தது. மலிவு விலைத் துணிச்சந்தையை எடுத்தால் ஏழைகளும் தானாகவே எடுக்கப்படுவார்கள் என்பது எதிர்த்தவர்களின் வாதம். அந்தப் பயம் அப்படியொன்றும் அர்த்தமில்லாததாக எனக்குத் தோன்றவில்லை.

டிராக்சூட்டும் ஷனேலும்

ஊர்க்காரர்கள் உண்மையில் உடுத்துவது என்ன? இளைஞர்களைப் பார்த்தால் டிராக்சூட், குறுக்காக மாட்டிய சின்னத் தோள்பை, காலில் நைக்கி 'டி.என்.' ஷூ. 1998ல் வந்த இந்த ஏர் மாக்ஸ் பிளஸ்ஸை பிரெஞ்சு இளைஞர்கள் 'சுறா' என்று கூப்பிடுகிறார்கள். விலை 200 யூரோவை ஒட்டி வரும். வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த வட பேட்டைகளில் இதை எப்படி வாங்குகிறார்கள் என்று வெளியாட்கள் ஆச்சரியப்படுவது உண்டு. வீடும் காரும் எட்டாத இடத்தில் ஷூதான் எட்டக்கூடிய கௌரவம். இதில் புரியாத மர்மம் எதுவும் இல்லை. அதோடு வெள்ளையும் வெளிர்நீலமுமான ஒலிம்பிக் தெ மார்சேய் கால்பந்து அணியின் ஜெர்சி. 1993ல் ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையை முதன்முதலில் பிரான்ஸுக்குக் கொண்டுவந்த அணி அது. வக்கீலும் மீன்காரரும் ஒரே சட்டையில் தெரிவது ஆட்டம் இருக்கும் நாளில்தான்.

பெண்களின் உடையில் மார்சேய்க்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: இறுக்கம், பளிச் நிறம், தங்கநிறச் செருப்பு, சத்தமான பேச்சு. 'காகோல்' என்று பாரிஸ்காரர்கள் கிண்டலாகச் சொல்வார்கள். இப்போது இந்த ஊர்ப் பெண்களே அந்தப் பட்டத்தைப் பெருமையாக எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு நேரெதிராக, இதே ஊரில் அமைதியான நிறங்களில் தைக்கும் பிராண்டுகளும் வளர்ந்தன. 1996ல் எம்மா பிரான்சுவா தொடங்கிய 'செசூன்' அதில் ஒன்று. 1998ல் வந்த 'ல தான் தெ செரீஸ்', 2004ல் வந்த 'கபோரால்' இரண்டும் ஜீன்ஸ் பிராண்டுகள்.

மேல்தட்டு ஃபேஷன் உலகம் மார்சேயைக் கண்டுகொண்டது சமீபத்தில்தான். பக்கத்து சலோன்-தெ-புரோவான்ஸில் 1990ல் பிறந்த வடிவமைப்பாளர் சிமோன் போர்த் ஜாக்மூஸ் தன் பிராண்டை 2009ல் பாரிஸில் தொடங்கினார். ஆனால் வைக்கோல் தொப்பியும் வெயில் நிறங்களுமாக, விற்றது முழுக்கத் தெற்கத்தி வாழ்க்கையை. 2017ல் மார்சேயின் மியூசெம் அருங்காட்சியகத்திலும், 2018ல் சோர்மியூ கடற்குடாவிலும் காட்சி நடத்தினார். 2024 மே 2ஆம் தேதி ஷனேல் நிறுவனமே வந்து, கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே கட்டிய சித்தே ரதியேஸ் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் காட்சி வைத்தது. கடல்நீச்சல் உடையும் தலைமூடி கொண்ட மேலாடையும் அந்த மேடையில் நடந்தன. ஊர்க்காரர்களில் சிலர் பெருமைப்பட்டார்கள், சிலர் வாடகை ஏறுமே என்று கணக்குப் போட்டார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு

பிரான்ஸில் 'சோல்த்' எனப்படும் தள்ளுபடிக் காலத்தைச் சட்டமே வகுத்திருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, நான்கு நான்கு வாரம். குளிர்காலத்தது ஜனவரியில், பெரும்பாலும் இரண்டாவது புதன்கிழமை தொடங்கும். கோடைக்காலத்தது பெரும்பாலும் ஜூன் கடைசிப் புதன். 2020க்கு முன்பு ஆறு வாரம் இருந்தது. வாங்கிய விலைக்கும் கீழே நஷ்டத்துக்கு விற்க, சாதாரணக் கடைக்கு இந்த வாரங்களில்தான் அனுமதி. அதனால்தான் கடைசி வாரத்தில் விலை உண்மையிலேயே சரியும். நமக்குப் பொருந்தும் அளவு மிச்சமிருக்குமா என்பது வேறு விஷயம். தள்ளுபடிக்கென்றே புதுச்சரக்கை இறக்கக் கூடாது. குறைந்தது ஒரு மாதம் முன்பே கடையில் இருந்திருக்க வேண்டும்.

அளவு எண்ணில் ஒரு குழப்பம் வரும். பெண்கள் உடையில் பிரெஞ்சு 38 என்பது ஜெர்மனியில் 36, இத்தாலியில் 42. லேபிளில் மூன்றும் அச்சிட்டிருந்தால் எந்த நாட்டு எண் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் நேரில் வாங்கியதை, பழுது இல்லாதபோது, திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் கடைக்காரருக்குக் கிடையாது. மாற்றித் தருவது அவர் விருப்பம். ஆன்லைனில் வாங்கினால் 14 நாள் உரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற, 16 வயது நிரம்பிய பயணிகள் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரித் திருப்பம் கேட்கலாம். வரி 20 சதவீதம் என்றாலும் கைக்கு வருவது 12 சதவீதம் போலத்தான், மீதியில் நடுவில் இருப்பவர்களின் கட்டணமும் அடக்கம். ஊருக்குக் கிளம்பும் முன் விமான நிலைய இயந்திரத்தில் படிவத்தைப் பதிவுசெய்ய மறந்தால் அதுவும் போச்சு. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும்.

நடுத்தர விலைக் கடைகளின் நிலைமைதான் இப்போது மோசம். 2022 அக்டோபர் 1ஆம் தேதி 'கமாயோ' சங்கிலியின் 500க்கும் மேற்பட்ட கடைகள் நாடு முழுவதும் ஒரே நாளில் மூடின. 2023 பிப்ரவரியில், மார்சேய் பக்கத்து ஜெமெனோஸைத் தலைமையிடமாகக் கொண்ட 'சான் மரினா' செருப்புக் கடைகள் மூடின. அதே ஆண்டு கபோராலும் நீதிமன்றப் பாதுகாப்பை நாட வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் ஆன்லைனில் வரும் மிக மலிவுச் சீனச் சரக்கு, இன்னொரு பக்கம் செல்போனிலேயே நடக்கும் பழைய உடை விற்பனை. நடுவில் 40 யூரோ சட்டை விற்கிறவர் என்ன செய்வார்? அரசு தன் பங்குக்கு 2023 நவம்பரில் பழுதுபார்ப்புச் சலுகை கொண்டுவந்தது. பதிவுசெய்த தையற்கடையில் கிழிசலோ ஜிப்போ சரிசெய்தால், வேலைக்கேற்ப 6 முதல் 25 யூரோ வரை பில்லில் கழித்துவிடுவார்கள்.

பெரிய ஆயுதம் நாடாளுமன்றத்தில் தயாராகிறது. அதிவேக மலிவு ஃபேஷனுக்கு எதிரான மசோதாவை 2024 மார்ச்சில் கீழவை ஏகமனதாக நிறைவேற்றியது. 2025 ஜூனில் மேலவை தன் திருத்தங்களோடு வாக்களித்தது. விளம்பரத் தடை, உடைக்கு உடை அபராதக் கட்டணம், 2030க்குள் அது ஒன்றுக்கு 10 யூரோ வரை உயரும் ஏற்பாடு. மேலவை செய்த திருத்தம் கவனிக்க வேண்டியது: ஐரோப்பியச் சங்கிலிக் கடைகள் தப்பித்துக்கொள்ள, சீன இணையக் கடைகள் மாட்டிக்கொள்ளும்படி வரையறையைச் சுருக்கினார்கள். சுற்றுச்சூழல் காரணம் உண்மையானது, மறுக்க முடியாது. ஆனாலும் உள்நாட்டு வியாபாரிகளின் கூச்சலில் ஆசியத் துணிக்கு எதிராகச் சட்டம் எழுதப்படுவதைப் பார்த்தால் 1686 நினைவுக்கு வராமல் போகாது. அன்று தடையின் இடுக்கில் நுழைந்து பிழைக்க மார்சேய்க்கு வழி இருந்தது, ஏனென்றால் சரக்கு அதன் துறைமுகத்தில் இறங்கியது. இன்றைய பொட்டலங்கள் சீனக் கிடங்கிலிருந்து விமானத்தில் வந்து நேராக வாங்கியவர் வீட்டு வாசலுக்குப் போகின்றன. பெல்சன்ஸ் கடைக்காரருக்கு இதில் தடையாலும் லாபமில்லை, தடையில்லாவிட்டாலும் லாபமில்லை.